தாளில் இல்லாத மகள்

ரிந்தலாவின் தலைமுடி இருபத்து மூன்று வருஷம் என் கைப்பொறுப்பில் இருந்தது. அதற்கு நான் போட்ட நிறத்தைச் சொன்னால் போதும், அது எந்தப் பாட்டு வந்த வருஷம் என்று சொல்லிவிடுவேன். தேன் நிறம் என்றால் தொண்ணூற்றெட்டு. தாமிர நிறம் என்றால் கெய்ரோவில் அவள் படத்தில் நடித்த வருஷம். பத்திரிகைக்காரர்கள் இன்றும் பெய்ரூட்டை ஒட்டிய பூர்ஜ் ஹம்மூதில் இருக்கும் என் கடையைத் தேடி வருவார்கள். மூக்கைத் திருத்திக்கொண்டாளா, குவைத்துப் புருஷனை ஏன் விட்டு வந்தாள், உண்மையில் வயசு என்ன என்று கேட்பார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். அவள் அம்மா இறந்ததைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அதை நான் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். சொல், ஆனால் என்னை நல்லவளாக்க எதையும் கூட்டிச் சொல்லாதே என்றாள்.

முதலில் அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்தில், வசந்தகாலத்தில், பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி காலுக்குப் பெரிதான இரவல் செருப்போடு என் கடைக்குள் நுழைந்தாள். பெயர் வத்ஃபா ஷல்ஹூப். பெக்கா சமவெளியில் ஐன் லோஸா என்ற ஊர். அப்பா போர்க்காலத்தில் பக்கத்து நகரமான ஸஹ்லே போகும் சாலையில் குண்டு விழுந்து இறந்தவர். அம்மா ஹனீனே வெங்காய வயலிலும் உருளைக்கிழங்கு வயலிலும் கூலிக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவள் இவள். இளையவன் மித்ரி.

அந்த வாரம் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி. தன்னைக் கொஞ்சம் நகரத்துப் பெண் மாதிரி ஆக்கிவிடச் சொன்னாள். நான் ஆர்மீனியக்காரி. என் அரபியில் ஆண் பெண்ணாகிவிடும், பெண் ஆணாகிவிடும். "உக்காருடா தம்பி" என்கிற தொனியில் ஏதோ சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்தபோது பயத்தைப் போக்கிக்கொள்ள மெல்லப் பாடினாள். அடுத்த பெண்ணுக்குப் பிடித்திருந்த ஹேர் டிரையரை நான் நிறுத்திவிட்டேன். ஒருவரும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவன் யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. கத்தாஸ் என்ற தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வத்ஃபா என்ற பேரைக் கேட்டால் அடுப்பங்கரையில் குந்தியிருக்கும் கிழவிதான் ஞாபகத்துக்கு வருகிறாள் என்று சொல்லி, ரிந்தலா என்று மாற்றினார். முதல் பாட்டின் வீடியோவில் சிவப்பு உடையோடு கடலுக்குள் இடுப்பளவு நடந்து போவாள். அந்தக் கோடையில் பெய்ரூட்டில் ஓடிய டாக்சிகளில் அந்தப் பாட்டு இல்லாத டாக்சி கிடையாது.

அப்போது என் கடைக்கு மேலே உள்ள அறையில்தான் தங்கியிருந்தாள். கடையின் போன்தான் அவளுக்கும் போன். பாட்டு வெளிவந்த இரண்டாம் வாரம் மித்ரி கூப்பிட்டான். அவனுக்குப் பதினேழு வயசு. ரிசீவருக்கு வெளியே நிற்கும் எனக்கே கேட்கும்படி கத்தினான்.

"நீ என்ன வேணா பாடிக்கோ, எப்படி வேணா நடந்துக்கோ. எங்க குடும்பப் பேர மட்டும் எங்கயும் சொல்லாத. இந்த ஊர்ப் பக்கம் வராத."

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று இவள் கேட்டாள்.

"அம்மாவும் அதத்தான் சொல்றாங்க."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் வந்து உட்கார்ந்து, வேர்ப்பக்கம் கறுப்பு தெரிகிறது, சரி செய் என்றாள். அன்று கேட்டுக்கொண்டதை இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றினாள். பேட்டிகளில் எந்த ஊர் என்று கேட்டால் பெய்ரூட் என்பாள். குடும்பப் பெயர் கேட்டால், ரிந்தலா என்றால் போதாதா என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ கதை கட்டினார்கள். அநாதை என்றார்கள். ஒரு பத்திரிகை அவள் யாரோ மந்திரியின் ரகசிய மகள் என்றே எழுதியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கெய்ரோ, துபாய், துனிசியா. எந்த ஊருக்குப் போனாலும் என் பெட்டியோடு நானும் போனேன். மற்றவர்கள் பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு உதட்டை அசைத்த காலத்தில் இவள் நிஜமாகப் பாடினாள். காய்ச்சலோடு பாடியிருக்கிறாள். குதிகால் செருப்பு உடைந்தபோது வெறுங்காலோடு பாடியிருக்கிறாள். முப்பது வயதில் குவைத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர்தான். பாடுவதை நிறுத்தினால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றார். பதினோரு மாதத்தில் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். பத்திரிகைகளில் அவள் வயது முப்பத்து நாலிலேயே நின்றுவிட்டது. வருஷா வருஷம் எனக்கு மட்டும் வயசாகிறதே என்று நான் கேட்பேன், உனக்கு மேனேஜர் சரியில்லை என்பாள்.

ஐன் லோஸாவில் வீட்டுக்குக் கூரை மாறியது. மித்ரி உருளைக்கிழங்கு வைக்கக் குளிர்பதனக் கிடங்கு கட்டினான். அவன் மகள் மிரேய் ஸஹ்லேயில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தாள். எல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாயால் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போடுவாள். உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும் அது தவறாது. இந்தப் பக்கம் உலகம் கொண்டாடும் பாடகி, அந்தப் பக்கம் "சாப்பிட்டியா, மழை உண்டா அங்க" என்று கேட்கும் அம்மா. பாட்டைப் பற்றியோ, அவள் ஏன் ஊருக்கு வருவதில்லை என்பதைப் பற்றியோ இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை ஹனீனே கண் டாக்டரைப் பார்க்க ஸஹ்லேக்கு வருவாள். அங்கே காத்திருக்கும் அறையில், தலையில் துணி சுற்றிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு வத்ஃபா போய்ப் பக்கத்தில் உட்காருவாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பார்கள். நம்பர் கூப்பிட்டால் அம்மா அடுத்தவரை உள்ளே அனுப்பிவிடுவாள். ஹனீனேயின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. சாகும்வரை ஊசியில் நூல் கோத்தவள்.

இரண்டாயிரத்துப் பதினேழு ஆகஸ்ட். ஜூனியே பக்கம் கடலோர மேடையில் அன்று இரவு நிகழ்ச்சி. பதினோராயிரம் பேர் வருவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் நான் அவள் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் ஸஹ்லேயில் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி. இங்கே ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாள் அச்சடித்துச் சுவர் சுவராக ஒட்டுவார்கள். இறந்தவர் பெயர், பெற்றவர் பெயர், பிள்ளைகள், மருமக்கள், சம்பந்தி வீடுகள் என்று ஒரு கிளை விடாமல் அதில் இருக்கும். அந்தத் தாளைத்தான் அவள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இது உன் ரிந்தலாவின் அம்மாவா என்று கீழே கேட்டிருந்தாள்.

என் கை நின்றதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். போனை வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடி மேலே போய் இன்னொரு முறை படித்தாள். காலஞ்சென்ற தன்னூஸ் ஷல்ஹூபின் மனைவி ஹனீனே. மகன் மித்ரி, அவர் மனைவி, பிள்ளைகள். ஹனீனேயின் தம்பிமார், அவர்கள் பிள்ளைகள். கனடாவில் இருக்கும் சிற்றப்பா மகன்கூட இருந்தான். அடக்கம் மாலை நான்கு மணிக்கு.

"அராக்ஸி, என் பேர் இல்ல," என்றாள். அழவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள். பிறகுதான் அம்மா போய்விட்டாள் என்பது அவளுக்குள் இறங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாதி சுருட்டிய தலை. சூடு ஆறாத கம்பி என் கையில். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கத்தாஸ் வந்தார். அடக்கம் நாலு மணிக்கு, நிகழ்ச்சி ஒன்பது மணிக்கு, இரண்டும் முடியும் என்று வழக்கம்போல் கணக்குப் போட ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிகழ்ச்சி இல்லை என்று மேடையில் ஏறி நானே சொல்லிக்கொள்கிறேன், நீ போ என்றார். சொன்னபடியே சொன்னார். அன்று அவர்மேல் தண்ணீர் பாட்டில் எறிந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

முடியை நனைத்து நேராக்கிப் பின்னால் கட்டினேன். மேடைக்கு இல்லாத கறுப்பு உடை அவளிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மினுக்கு இருந்தது. என் தங்கையின் கறுப்பு உடை ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். காரில் நானும் அவளும்தான். மலையைத் தாண்டும் இடத்தில் ராணுவச் சோதனைச் சாவடி. கண்ணாடியை இறக்கினேன். சிப்பாய் அவளைக் கண்டுகொண்டான். ஒரே ஒரு போட்டோ, என் தங்கச்சி நம்பமாட்டா என்று போனை எடுத்தான்.

"எங்க அம்மாவ அடக்கம் பண்ணப் போறேன்பா," என்றாள்.

அவன் போனைக் கீழே இறக்கினான். வரிசையில் நின்ற மூன்று லாரிகளை ஓரம் கட்டச் சொல்லி எங்களை முன்னால் விட்டான்.

ஊர் எல்லையிலேயே தாள் தொடங்கிவிட்டது. மின்கம்பத்தில், ரொட்டிக்கடைக் கதவில், பள்ளிக்கூடச் சுவரில். ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏதாவது ஒன்றில் தன் பெயர் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

வீட்டு முற்றத்தில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கார் நின்றதும் பேச்சு நின்றது. மித்ரி எழுந்து வந்தான். பதினேழு வயசில் போனில் கத்தியவனை முதல்முறையாக அன்றுதான் நான் நேரில் பார்க்கிறேன். நரைத்த மீசை, தூங்காத கண். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், சமையல்கட்டுப் பக்கமாக உள்ளே போகச் சொன்னான்.

"மித்ரி, எங்க அம்மா வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஆண்கள் நடுவே நேராக நடந்து முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அது மரியாதைக்கா, பழக்கத்துக்கா என்று எனக்குத் தெரியாது.

உள்ளே பெட்டி திறந்திருந்தது. சுற்றிப் பெண்கள். வர்தே என்ற உறவுக்காரி ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் ஏற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வத்ஃபா வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. அவள் குனிந்து அம்மா நெற்றியில் முத்தம் வைத்தாள். வெகு நேரம் எழவில்லை.

வர்தேதான் பேசினாள். நீ பாடு மகளே, எங்கள் தொண்டை எல்லாம் என்ன தொண்டை, உன் குரலுக்காக உலகமே காத்துக் கிடக்கிறது, உன் அம்மாவை நீயே பாடி அனுப்பு என்றாள். மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையில் போன் தயாராகிவிட்டது.

வத்ஃபா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பாடுறேன்னுதான் இந்த வீட்டுக்கு வராதன்னாங்க. இருபத்திரண்டு வருஷம் யாரும் கேள்வி கேக்கல. இன்னைக்கு நான் பாட வரல அக்கா. பொண்ணா வந்திருக்கேன். நீங்க பாடுங்க."

 வர்தே முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

ஹனீனேயின் முடியை அவசரத்தில் துணிக்குள் அள்ளிச் செருகியிருந்தார்கள். வத்ஃபா துணியை விலக்கிவிட்டு என்னிடம் சீப்பு கேட்டாள். நான் வாரட்டுமா என்றேன். தலையசைத்து மறுத்துவிட்டு, எப்படி என்று மட்டும் சொல்லச் சொன்னாள். அவளுக்கு மற்றவர் தலையை வாரத் தெரியாது. நுனியிலிருந்து ஆரம்பி, வேரைக் கையால் பிடித்துக்கொள் என்று நான் ஆர்மீனியமும் அரபியும் கலந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். வெள்ளை முடி, மெல்லிசாக, சோப்பு வாசனையோடு. இரண்டாக வகிர்ந்து பின்னி முன்னால் எடுத்துவிட்டாள். வர்தே மறுபடி ஆரம்பித்தாள், இந்தமுறை மிகத் தாழ்ந்த குரலில்.

அடக்கம் முடிந்து கோவில் மண்டபத்தில் துக்கம் கேட்கும் வரிசை. மித்ரியின் மனைவி இவளைப் பார்த்து, வரிசையில் வீட்டு ஆட்கள்தான் நிற்பார்கள் என்றாள். வத்ஃபா பதில் சொல்லாமல் கடைசியில் போய் நின்றாள். மூன்று நாளும் நின்றாள். சிலர் அவளுக்கு முந்தினவள் வரை கை கொடுத்துவிட்டுக் காபிப் பக்கம் திரும்பினார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெங்காய வயலில் ஹனீனேயோடு வேலை செய்த ஒரு பெண், உன் அம்மா வயலில் குனிந்துகொண்டே உன் பாட்டை முணுமுணுப்பாள், யாராவது நிமிர்ந்தால் இருமுவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் வத்ஃபா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி கொண்டுவரச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மண்டபம் காலியானதும் மித்ரி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். கையில் கசப்புக் காபி. குடிக்கவில்லை. நான் எழப் போனேன், அவள் என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

தாளில் முதல் பெயராக வத்ஃபாவைப் போடச் சொல்லி அம்மா ஒரு மாதம் முன்பே எழுதி வாங்கிக்கொண்டாள் என்று அவன் சொன்னான். அச்சகத்தில் கொடுக்கும்போது அந்தப் பெயரைத் தானே அடித்து நீக்கிவிட்டதாகவும் சொன்னான். மிரேய்க்கு ஸஹ்லேயில் பெரிய குடும்பத்தில் பேசி முடித்திருக்கிறது. அவர்கள் கண்ணில் அது பட்டுக் கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம். தரையைப் பார்த்துக்கொண்டேதான் இவ்வளவையும் சொன்னான்.

"அன்னைக்கு போன்ல, அம்மாவும் வராதன்னு சொன்னாங்கன்னியே," என்று அவள் கேட்டாள்.

அவன் தலை இன்னும் கீழே போனது. "அம்மா ரேடியோவ ஒரு நாளும் அணைக்க விடமாட்டாங்க அக்கா. நான்தான் சொன்னேன். அப்புறம் அதே பொய்ய எப்படி மாத்துறதுன்னு தெரியல. உனக்கு இங்க வர இஷ்டமில்லன்னு அம்மாகிட்டயும் ஒரு பொய். ரெண்டு பக்கமும் நான்தான்."

 அவனை அறைவாள் என்று நினைத்தேன்.  கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நாப்பதாம் நாள் பூசைக்குத் தாள் ஒட்டுவீங்கல்ல. அம்மா சொன்ன மாதிரி போடு. அம்மா வச்ச பேரப் போடு."

அவனை மன்னித்தாயா என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன். ஸஹ்லேயில் கண் டாக்டரின் அறையில் அம்மாவோடு கழித்த மணிநேரங்களைக் கூட்டிப் பார்த்தாளாம். இரண்டு நாள்கூட வரவில்லை. "அத எப்படி மன்னிக்கிறது," என்றாள்.

நாற்பதாம் நாள் தாள் ஒட்டப்பட்டது. மகள் வத்ஃபா, மகன் மித்ரி என்று அந்த வரிசையில். ஒருவர் அதைப் படம் எடுத்துப் போட, இரண்டு நாளில் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரிந்தலா வெங்காய வயல் கூலிக்காரியின் மகள் என்று தலைப்பு வைத்தார்கள். தொலைக்காட்சியில் கேட்டபோது, ஆமாம், ஐன் லோஸா, ஷல்ஹூப் வீடு, வயசு நாற்பத்தொன்று என்று ஒரே மூச்சில் சொன்னாள். கத்தாஸ் மேடைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏழு வருஷம் ஒரே நாளில் போய்விட்டதே என்றார்.

ஸஹ்லேக்காரர்கள் கல்யாணத்தை நிறுத்தவில்லை. மாறாக, மாப்பிள்ளையின் அம்மா மித்ரிக்குப் போன் செய்து, ரிந்தலா உங்கள் அக்கா என்று முன்பே சொல்லியிருக்கக் கூடாதா, கல்யாணத்தில் பாடுவார்களா என்று கேட்டாளாம். மித்ரி அதைத் தன் வாயாலேயே அக்காவிடம் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் எதற்குப் பயந்தானோ அது அங்கே இருக்கவே இல்லை. அதைச் சொல்லும்போது அவன் குரல் எப்படி இருந்தது என்று வத்ஃபா என்னிடம் சொல்லவில்லை. அன்று வீட்டில் சமைத்ததைத் தொடாமல் எழுந்துவிட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

துக்க வருஷம் முடிந்து அடுத்த செப்டம்பரில் கல்யாணம். மிரேயின் தலையை நான்தான் அலங்கரித்தேன். அத்தை என்ற முறையில் வத்ஃபா குடும்ப மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நீல உடை, மிகக் குறைந்த ஒப்பனை. சாப்பாடு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மேஜையில் கைதட்டி ரிந்தலா ரிந்தலா என்று கூப்பிட, அடுத்த மேஜை பிடித்துக்கொண்டது. வாத்தியக்காரர்கள் அவளுடைய முதல் பாட்டின் தொடக்கத்தை வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மைக்கோடு எங்கள் மேஜையை நோக்கி வந்தாள்.

மித்ரி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டான். அவன் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. இவங்க என் அக்கா வத்ஃபா என்றான்.  இன்னொரு முறை சொன்னான். எங்களை வளர்த்தவங்க, இன்னைக்கு விருந்தாளியா வந்திருக்காங்க, அவங்களச் சாப்பிட விடுங்க என்று முடித்துவிட்டு, மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையில் ரொட்டித் தட்டு மேலேயே வைத்தான். கூட்டம் அடங்கியது.

வத்ஃபா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் கைகோத்து ஆடும் தப்கே ஆட்டத்துக்கு வரிசை கட்டியபோது மிரேய் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு சுற்று ஆடினாள். வரிசையில் அவளுக்கும் மித்ரிக்கும் இடையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இன்னும் பாடுகிறாள். முன்போல் வருஷம் முழுக்க இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஐன் லோஸாவுக்குப் போகிறாள், கல்லறைக்கு. சில முறை மித்ரி வீட்டில் சாப்பிடுகிறாள், சில முறை வாசலோடு திரும்பிவிடுகிறாள். எந்த முறை எது என்று போவதற்கு முன்பு அவளுக்கே தெரியாது. நான் கேட்பதும் இல்லை.